மெசலமைனை விட்டுவிட்டு புரோபயாடிக்கில் ஓட்டலாமா? யூ.சி. ரெமிஷனில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைத்தென்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இடதுபக்கப் பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (யூ.சி.), அதாவது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வருகிற நோய். 2021-ல் தெரியவந்தது. முதலில் வைசோலோன் என்ற ஸ்டீராய்டு போட்டு அடக்கினார்கள். அப்புறம் குடல் அழற்சியை அடக்கிவைக்கும் மெசலமைன் மாத்திரை தினமும் 2.4 கிராம், படுக்கும்போது எனிமா. எனிமாவைப் பிறகு டாக்டரே நிறுத்திவிட்டார். இப்போது ஒன்றரை வருஷமாக ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை. ரத்தமும் இல்லை, சளியும் இல்லை. காலையில் ஒரு தடவை போனால் அன்றைய கணக்கு முடிந்தது.

இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்குத் தினமும் மாத்திரை என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கிட்னி போய்விடும் என்று பயம். மாதச் செலவும் சும்மா இல்லை. எங்கள் சித்தப்பா புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் கிருமி) சாஷே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்து, 'ஜெர்மனியில் இது மெசலமைனுக்குச் சமம் என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கிறார். அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் எடுத்து ஓட்டியவர்கள் யாராவது உண்டா? டாக்டரிடம் போகத்தான் போகிறேன். போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்.

சோழநாட்டான்:

தம்பி, முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எனக்குப் பெருங்குடல் முழுக்க இந்த நோய். பல வருஷமாக இதோடு குடித்தனம். இப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின் ஓடுகிறது. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், உங்களை மாதிரியே நன்றாக இருந்தவன், ஒரு இயற்கை மருத்துவ முகாமுக்குப் போனான். எல்லா மாத்திரையையும் தூக்கிப்போடச் சொன்னார்கள், போட்டான். சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த முகாமைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தான். அப்புறம் ஒரு நாள் கிளம்பியது பாருங்கள், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றியும் அடங்கவில்லை. கடைசியில் இன்ஃப்ளிக்ஸிமாப், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பெரிய ஊசி மருந்து. அதற்கு முன்னால் டி.பி. இருக்கிறதா என்று தேடி எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று அலைச்சல் வேறு. மெசலமைனுக்கு மாதச் செலவு அதிகம் என்று நினைத்த குடும்பம் அது.

கம்பங்கூழ்:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். எனக்கு மலக்குடலில் மட்டும்தான், புரோக்டைட்டிஸ் என்று எழுதினார்கள். மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. தினமும் காலையில் நீராகாரம், மத்தியானம் மோர், ராத்திரி ஒரு புரோபயாடிக் கேப்ஸ்யூல். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நம் தாத்தா பாட்டிக்கு இந்த நோய் வந்ததா? பழைய சோற்றை விட்டோம், வந்தது. சென்னை ஸ்டான்லியிலேயே பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததே.

சோழநாட்டான்:

ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பதற்கும், 'மாத்திரையை விட்டுவிடுங்கள்' என்று ஸ்டான்லி டாக்டர்கள் சொன்னார்கள் என்பதற்கும் நடுவில் ஒரு காவிரியே ஓடுகிறது. பழைய சோறு நானும்தான் சாப்பிடுகிறேன். மாத்திரையை அதோடு சேர்த்து முழுங்குகிறேன்.

ஆய்வுப்புழு:

கம்பங்கூழ் அண்ணா சொல்வதை நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நன்றாக இருப்பதற்குக் காரணம் நீராகாரம்தானா என்பது வேறு கேள்வி.

1999-ல் இத்தாலியில் ஆர்டிசோன் குழு ஒரு ஆய்வு செய்தது. ரெமிஷனில் இருந்த 112 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மெசலமைனைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஒன்றிலிருந்து இரண்டு வருஷமாக அடங்கியிருந்தவர்களில், மருந்து எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 49 சதவீதம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே எடுக்காமல் நிறுத்தியவர்களில் பாதிப் பேர் அந்த வருஷம் முழுக்க நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்! அவர்கள் கையில் அப்போது எதைக் கொடுத்திருந்தாலும், துளசி, தேன், வெந்நீர், சித்தப்பாவின் சாஷே, எதுவாக இருந்தாலும் அதுதான் காப்பாற்றியது என்று சத்தியம் செய்திருப்பார்கள். சோழநாட்டான் ஊர்ப் பையனுக்கு முதல் சில மாதம் அதுதான் நடந்தது. 'நான் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற சாட்சி இந்த நோயில் எடுபடாது. நிறுத்திய ஒருவர் நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே மாதிரி இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைகைத்தென்கரை, நீங்கள் ஒன்றரை வருஷம் என்கிறீர்கள். சரியாக அந்த 23-க்கு 49 கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆய்வில் இரண்டு வருஷத்துக்கு மேல் அடங்கியிருந்தவர்களிடம் வித்தியாசம் குறைந்துவிட்டது, 18-க்கு 26. கம்பங்கூழ் அண்ணா ஒருவேளை அந்த வரிசை. அதுவும் மலக்குடலோடு நின்ற நோய்.

கம்பங்கூழ்:

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஜெர்மனி விஷயம் பொய்யா?

ஆய்வுப்புழு:

பொய் இல்லை. அதனால்தான் ஆபத்து. பாதி உண்மை.

அங்கே ஆய்வு செய்த புரோபயாடிக் கிருமியின் பெயர் ஈ.கோலை நிஸ்ஸில் 1917. ஆமாம், ஈ.கோலைதான், ஆனால் சாது வகை. முதல் உலகப் போரில் கூட இருந்த சிப்பாய்களெல்லாம் சீதபேதியில் விழ, ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மலத்திலிருந்து ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்ஸில் 1917-ல் பிரித்தெடுத்த கிருமி இது. மியூட்டாஃப்ளோர் என்ற பெயரில் விற்கிறார்கள்.

2004-ல் ஜெர்மனியின் க்ரூயிஸ் குழு வெளியிட்டது பெரிய ஆய்வு. ரெமிஷனில் இருந்த 327 பேர், ஒரு வருஷம், யார் எதை எடுக்கிறார் என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஆய்வை விதிப்படி முடித்தவர்களில் நிஸ்ஸில் எடுத்தவர்களுக்கு 36.4 சதவீதமும், மெசலமைன் எடுத்தவர்களுக்கு 33.9 சதவீதமும் திரும்பியது. கிட்டத்தட்டச் சமம். ஐரோப்பிய வழிகாட்டுதல்களில்கூட மெசலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதை மாற்றாக வைத்தார்கள். இது வரைக்கும் உங்கள் சித்தப்பா ஜெயிக்கிறார்.

இப்போது மீதிப் பாதி. அங்கே கொடுத்த மெசலமைன் நாளுக்கு 1.5 கிராம். நீங்கள் எடுப்பது 2.4. இரண்டாவது, வெற்று மாத்திரைக் கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. இங்கிலாந்தில் லீட்ஸில் 1999-ல் ரெம்பாக்கன் செய்த இன்னொரு ஆய்வில் நோய் கிளம்பியிருந்தவர்களை முதலில் அடக்கிவிட்டு அப்புறம் தொடர்ந்தார்கள். அதில் மெசலமைனில் 73 சதவீதம், நிஸ்ஸிலில் 67 சதவீதம் திரும்பிவிட்டது. இதுவும் 'சமம்'தான். ஆனால் மூன்றில் இரண்டு பேருக்குத் திரும்பிவருகிற சமத்தை வைத்து என்ன செய்ய? அங்கே மெசலமைன் தொடர் அளவு 1.2 கிராம்தான்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: ஆய்வு செய்தது நிஸ்ஸில் என்ற ஒரே ஒரு வகையை. 'புரோபயாடிக்' என்ற சாதி முழுவதையும் இல்லை. உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

வைகைத்தென்கரை:

இதோ. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 'குடல் நலம்' என்று இருக்கிறது. பின்னால் பொடி எழுத்தில்: லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், சாக்கரோமைசிஸ் பௌலார்டி. மொத்தம் 1.25 பில்லியன். 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் சித்திரையில் அப்படி ஒரு இடம் ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

மருந்துக்கடை_அக்கா:

நான் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருப்பவள், தினமும் இதை எடுத்துக் கொடுக்கிறேன். தம்பி வாசித்தது பேதிக்கும், ஆன்டிபயாட்டிக் கூடவும் எழுதும் சாஷே. அதற்கு அது சரி. ஆனால் பாருங்கள், பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஸ்ட்ரெயின் (உட்பிரிவு) குறியீடு ஒன்றுகூட இல்லை. நாய் என்று எழுதிவிட்டு, ராஜபாளையமா தெருநாயா என்று சொல்லாமல் விட்ட மாதிரி. சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் வகை. அதற்கும் ஜெர்மனிக்காரர் ஈ.கோலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு 'புரோபயாடிக்' என்றால் எல்லாம் ஒன்றுதான். விற்பனைப் பிரதிநிதிகளும் அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

ஆய்வுப்புழு:

அக்கா சொன்னதுக்கு ஒரு எண் சேர்க்கிறேன். நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு ஒன்று நடந்தது. லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூத், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் சேர்ந்தது, 2009-ல் வெளியானது. வி.எஸ்.எல். 3 என்ற எட்டு வகைக் கலவை. லேசான, நடுத்தர நோய் கிளம்பியிருந்த 147 பேர். 12 வாரத்தில் அதை எடுத்தவர்களில் 42.9 சதவீதம் பேருக்கு அடங்கியது, வெற்றுப் பொடி எடுத்தவர்களில் 15.7 சதவீதம். நல்ல வித்தியாசம்.

ஆனால் அளவு 3,600 பில்லியன், நாளுக்கு இரண்டு வேளை. உங்கள் சாஷேயை வைத்து ஒரு வேளைக்கு அந்த எண்ணிக்கையை எட்ட 2,880 பொட்டலம் பிரிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு லாரி பிடிக்கத் தெரிந்தால் பேசலாம்.

அதுவும் கிளம்பியதை அடக்க, 12 வாரத்துக்கு. அடங்கியதை வருஷக்கணக்கில் காப்பாற்றுமா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. அப்புறம் பெயர்க் குழப்பம் வேறு. அந்தக் கலவையைக் கண்டுபிடித்த இத்தாலியப் பேராசிரியர் கிளாடியோ டி சிமோனுக்கும் கம்பெனிக்கும் தகராறு வந்து, 2016-க்குப் பிறகு அமெரிக்காவில் பழைய கலவை விஸ்பயோம் என்ற பெயரில் வருகிறது, பழைய பெயரில் வேறு கலவை. கோர்ட் வரைக்கும் போனது. பழைய ஆய்வைக் காட்டிப் புதிய டப்பாவை விற்றால் என்ன செய்வீர்கள்?

புரோபயாடிக் கொடி கட்டிப் பறப்பது ஒரு இடத்தில். பெருங்குடலையே எடுத்துவிட்டுச் சிறுகுடலில் பை தைத்தவர்களுக்கு அந்தப் பையில் அழற்சி திரும்பத் திரும்ப வரும், பவுச்சைட்டிஸ் என்பார்கள். 2000-ல் ஜியோன்கெட்டி குழு 40 பேரிடம் அதே எட்டு வகைக் கலவையைப் பார்த்தது. ஒன்பது மாதத்தில் கலவை எடுத்த 20 பேரில் 3 பேருக்குத் திரும்பியது. வெற்றுப் பொடி எடுத்த 20 பேரில் 20 பேருக்கும்! ஆனால் அது வேறு நோயாளி. பெருங்குடல் உள்ளவர்களுக்கு ரெமிஷனைக் காப்பாற்ற உதவுமா என்று 2020-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

மட்டுறுத்துநர்:

முதல் பதிவில் இருந்த வீடியோ இணைப்பை எடுத்துவிட்டேன், வீடியோவின் கீழே விற்பனை எண் இருந்தது. விவாதம் தொடரட்டும்.

குளக்கரை_யாழ்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எனக்குக் கிளினிக்கில் கனகாலமாக சல்ஃபாசலசின் குளிசைதான் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை. நான்கு தரம் குடிக்க வேணும், பெரிய குளிசை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், முதலில் பயந்துபோனேன். ஃபோலிக் அசிட்டும் சேர்த்துத் தருகிறார்கள். ஆரம்பத்தில் தலையிடி இருந்தது, அளவை மெல்ல மெல்லக் கூட்டினதும் பழகிவிட்டது. நீங்கள் எல்லாம் கதைக்கிற மெசலமைன் இதைவிடத் திறமோ? மாறச் சொல்லிக் கேட்கலாமோ?

ஆய்வுப்புழு:

அண்ணை, உங்கள் குளிசைதான் இந்தக் குடும்பத்தின் மூத்தவர். ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கியது. குடலுக்கும் கேட்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ்விடம் ஆய்வு செய்த வங்கதேச மருத்துவர் ஆசாத் கான், சல்ஃபாசலசினை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது 5-அமினோசாலிசிலிக் அமிலம் என்ற பாதி. 1977-ல் வெளியானது. அந்தப் பாதியைத்தான் இன்று மெசலமைன் என்கிறோம். மற்றப் பாதி, சல்ஃபா, குடலின் கடைசி வரைக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகிற சுமைகூலி. தலைவலி, குமட்டல் போன்ற உபத்திரவங்களில் பெரும்பங்கு அந்தக் கூலியால்தான்.

எனவே ஒத்துக்கொண்டால் மாற வேண்டிய அவசியம் இல்லை. ரெமிஷனைக் காப்பாற்றுவதில் அது சளைத்தது இல்லை. ஒரே ஒரு விஷயம், பிள்ளை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகிவிடும், அதற்கு மெசலமைனுக்கு மாற்றுவார்கள்.

குளக்கரை_யாழ்:

ஓம், கலியாணம் தையிலே. நல்லவேளை கேட்டேன். அடுத்த கிளினிக்கில் கதைக்கிறேன்.

நெல்லைச்சீமை:

குழந்தை என்றதும் நானும் எழுதுகிறேன். எனக்கு யூ.சி., மெசலமைனில் அடங்கியிருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாமியார் தினமும், 'வயிற்றில் பிள்ளை நிற்க வேண்டும் என்றால் இந்த இங்கிலீஷ் மருந்தை நிறுத்து, தயிர் சாப்பிடு' என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

மருந்துக்கடை_அக்கா:

கண்ணு, மெசலமைன் கர்ப்பத்தில் தொடரும் மருந்துதான். நீ பார்க்கும் குடல் டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் ஒரே சீட்டில் எழுதச் சொல். நோய் அடங்கியிருக்கும்போது கரு நின்றால் பெரும்பாலும் அமைதியாகவே போகும். கிளம்பியிருக்கும்போது நின்றால் குறைப்பிரசவம், எடை குறைந்த பிள்ளை என்று சிக்கல் கூடும். பிள்ளைக்கு ஆகாதது நோய்தான், இந்த மாத்திரை இல்லை என்று மாமியாரிடம் டாக்டர் வாயாலேயே சொல்ல வை. அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போ, வெளியே உட்கார வைக்காதே. நான் பார்த்த வரையில் அதுதான் வேலை செய்கிறது. வேறு எதிலாவது, அசதயோப்ரின், டோஃபாசிட்டினிப், மெத்தோட்ரெக்ஸேட், இருக்கிறவர்களுக்குக் கதை வேறு. மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. அவர்கள் முயற்சிக்கு முன்னாலேயே கேட்க வேண்டும்.

தயிர் சாப்பிடு, அதில் என்ன.

வைகைத்தென்கரை:

ஆளுக்கொரு கோணத்தில் சொல்கிறீர்கள், ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. கிட்னி பயம் உண்மையா? அப்புறம், சில நாள் மாத்திரை அப்படியே மலத்தில் வெளியே வருகிறது. அப்போது மருந்து உடம்பில் சேரவே இல்லை என்றுதானே அர்த்தம்?

மருந்துக்கடை_அக்கா:

கிட்னி பயம் அடியோடு பொய் இல்லை, ஆனால் அரிது. மெசலமைன் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஆரம்பிக்கும் முன்னால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, அப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது. சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மாத்திரை வெளியே வருவது பெரும்பாலும் வெறும் ஓடு. மேல்பூச்சு குடலின் கடைசிப் பகுதியில்தான் கரைகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மருந்து வெளியேறிய பிறகு காலி ஓடு மட்டும் வரும். நசுக்கிப் பாருங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. பென்டாசா என்ற மெசலமைன் வகை எடுப்பவர்களுக்குக் குட்டிக் குட்டி வெள்ளை மணியாக வரும், அதுவும் அப்படித்தான். முழு மாத்திரை கெட்டியாக அடிக்கடி வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், வேறு தயாரிப்புக்கு மாற்றுவார். இதற்காக மாத்திரையை உடைத்தோ கடித்தோ சாப்பிட்டுவிடாதீர்கள், வயிற்றிலேயே கரைந்து வீணாகிவிடும்.

சோழநாட்டான்:

செலவு விஷயம். பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்காமல் மருந்துப் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். ஸ்டாக் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றுகிறபோது அதே அளவு, அதே வகையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை. அப்புறம் 2.4 கிராமையும் மூன்று வேளையாகப் பிரித்து எடுக்கிறீர்களா? ஒரே வேளையில் எடுத்தாலும் ரெமிஷனில் அதே பலன்தான். காலை காபியோடு முடித்துவிட்டால் மறக்காது. மறதிதான் நம் ஆட்களின் முதல் எதிரி.

ஆய்வுப்புழு:

அதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் சுனந்தா கேன் குழு 2003-ல் வெளியிட்டது. ரெமிஷனில் இருந்து மெசலமைன் எடுத்த 99 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்தை ஒழுங்காக வாங்கியவர்களில் 89 சதவீதம் பேர் ரெமிஷனிலேயே இருந்தார்கள். அப்படி வாங்காதவர்களில் 39 சதவீதம்தான்.

ஆடிப்பட்டம்:

யாரும் மஞ்சளைப் பற்றிப் பேசவே இல்லையே? ஜப்பானில் மஞ்சளை வைத்து யூ.சி.யை அடக்கினார்கள் என்று படித்தேன். நம் ஈரோட்டில் இல்லாத மஞ்சளா?

ஆய்வுப்புழு:

நல்ல கேள்வி. 2006-ல் ஹனாய் குழு, 89 பேர். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து நாளுக்கு 2 கிராம், ஆறு மாதம். அதை எடுத்தவர்களில் 4.65 சதவீதம், எடுக்காதவர்களில் 20.51 சதவீதம் திரும்பியது. ஆனால் இரண்டு கூட்டமும் மெசலமைனோ சல்ஃபாசலசினோ எடுத்துக்கொண்டுதான் இருந்தது! மருந்தோடு கூட, மருந்துக்குப் பதிலாக இல்லை. இந்த ஒரு வரியைத்தான் வீடியோக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, 100 கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 கிராம். 2 கிராம் வேண்டும் என்றால் தினமும் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். ரசத்தில் போடுகிற சிட்டிகைக்கு அந்தப் பலம் கிடையாது. கேப்ஸ்யூலாக எடுப்பவர்கள், மிளகுச் சத்து சேர்த்தது என்று பெருமையாக விற்பதைக் கவனியுங்கள். உறிஞ்சப்படுவது கூடும்போது கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

இசப்கோலுக்கும் ஒரு ஆய்வு உண்டு, ஸ்பெயினில் 1999-ல். ஒரு வருஷத்தில் மெசலமைனுக்கு 35 சதவீதம், இசப்கோல் விதைக்கு 40, இரண்டும் சேர்த்தால் 30 சதவீதம் தோல்வி. 105 பேர்தான், யார் எதை எடுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும், மெசலமைன் 1.5 கிராம். மறுபடியும் அதே கதை. சேர்த்தால் கெடுதல் இல்லை.

கம்பங்கூழ்:

சரி ஐயா, தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு நடப்பது நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ரத்தம் இல்லை, வலி இல்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சோழநாட்டான்:

இதுதான் அண்ணா நீங்கள் கேட்ட நல்ல கேள்வி. மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை, குடலில் அழற்சி இருந்தால் ஏறும். 150-க்குக் கீழே இருந்தால், தொந்தரவும் இல்லை என்றால், பெரும்பாலும் உள்ளே அமைதி. ஏறிக்கொண்டே போனால் ரத்தம் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் தப்பாக ஏறும், அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை எடுத்துப் பாருங்கள். மருந்து இல்லாமல் இருக்கிறவருக்கு அது இன்னும் அவசியம்.

நோய் மலக்குடலைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும்: ஆரம்பித்து எட்டு வருஷம் ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) பார்த்தே ஆக வேண்டும், ரெமிஷனாக இருந்தாலும். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பது டாக்டர் கணக்கு.

வைகைத்தென்கரை:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கிரியாட்டினின் சரி. கால்ப்ரோடெக்டின் 60 சொச்சம். நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, 'நீங்கள் நன்றாக இருப்பதே இதை எடுப்பதால்தான்' என்றார். 2.4 கிராம் தொடர்கிறது, இனிமேல் காலையில் ஒரே வேளை. அளவைக் குறைப்பதைப் பற்றி அடுத்த கொலோனோஸ்கோபி பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். சாஷேயைக் காட்டினேன். 'சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் இதற்கு ஆகிற காசைச் சேர்த்து வைத்தால் வருஷத்துக்கு இரண்டு கால்ப்ரோடெக்டின் வந்துவிடும்' என்று சிரித்தார். நிஸ்ஸில் பற்றிக் கேட்டேன். மெசலமைன் ஒத்துக்கொள்ளாத நிலை வந்தால் யோசிக்கலாம், இப்போது தேவை இல்லை என்றார்.

சித்தப்பாவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கே வாயுத் தொல்லை, அவரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு அவசரக் கேள்வி. கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் டைக்ளோஃபெனாக்கும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் எழுதியிருக்கிறார். சாப்பிடலாமா?

மருந்துக்கடை_அக்கா:

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இதெல்லாம் நம் குடலுக்கு ஆகாத கூட்டம். சிலருக்கு ஃப்ளேர், அதாவது அடங்கிய நோயைத் திரும்பக் கிளப்பிவிடும். யூ.சி. இருக்கிறது என்று பல் டாக்டரிடம் போன் பண்ணிச் சொல்லி பாராசிட்டமாலுக்கு மாற்றச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள், நாமாகச் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல்லில் சீழ் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சோழநாட்டான்:

எடுத்தால், எடுக்கும்போதோ முடிந்து சில வாரத்துக்குள்ளோ பேதி ஆரம்பித்தால், யூ.சி. கிளம்பிவிட்டது என்று நீங்களே வைசோலோனை எடுத்து முழுங்காதீர்கள். சி.டிஃபிசில் என்ற கிருமி ஆன்டிபயாட்டிக்குப் பின்னால் வரும், பார்க்க ஃப்ளேர் மாதிரியே இருக்கும். மலப் பரிசோதனை கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மெசலமைனை அந்த நாட்களிலும் விடாதீர்கள்.

வைகைத்தென்கரை:

பேசிவிட்டேன், பாராசிட்டமால் மட்டும் போதும் என்றார். சீழ் இல்லையாம், ஆன்டிபயாட்டிக்கையும் அடித்துவிட்டார். நாளைக்கு வேர் சிகிச்சை.